ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு

காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் மேசைக்கு வந்துவிடும். ஒன்றில் 20 புளியங்கொட்டைகள் இருக்கும். மற்றது காலி. அப்பா தன் வலது கையைத் தூக்கி முதல் தட்டின் மேல் வைப்பார். தூக்கி என்று எழுதிவிட்டேன். உண்மையில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுவந்துதான் வைப்பார். பிறகு இடது கையை விலக்கிக்கொள்வார். அதற்குமேல் எல்லாம் வலது கையின் பாடு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிச் சேர வேண்டும். நடுவில் ஒரு கொட்டை சிக்க வேண்டும். அது வழுக்கிவிடாமல் அரை அடி தூரம் போய் மறு தட்டில் விழ வேண்டும். விழுந்தால் 'ணங்' என்று ஒரு சத்தம் வரும். அடுப்படியில் நிற்கும் அம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே அந்தச் சத்தங்களை எண்ணுவார். சில நாள் பன்னிரண்டு வரும். சில நாள் நான்கோடு நின்றுவிடும்.

அப்பா தையல்காரர். நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்கு அருகே ஒரு தெருவில் 43 ஆண்டுகள் கடை வைத்திருந்தார். காஜா எடுக்கத் தனியாக ஆள் வைத்துக்கொள்ளும் வசதி வந்த பிறகும் தன் கையால்தான் எடுப்பார். மெஷின் காஜா நூல் பிரியும், கைக் காஜா சட்டை கிழியும் வரை இருக்கும் என்பார். சென்ற ஆண்டு மாசி மாதம் ஒரு விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சுவரோரம் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். பேச்சுக் குழறல் மூன்று வாரத்தில் சரியானது. கால் மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கியது. கைதான் திரும்பவில்லை.

முதல் மூன்று மாதம் நாங்கள் நம்பிக்கையில் மிதந்தோம். தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது, விரல்கள் விரிந்தன. வாரத்துக்கு ஒரு புதுச் செய்தி இருக்கும். பிறகு எல்லாம் நின்றுவிட்டது. தொடக்கத்தில்தான் வேகமாகத் திரும்பும், பிறகு அடி அடியாகத்தான் நகரும் என்று பிசியோதெரபி செய்யும் பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லிக் கேட்பது வேறு, தினமும் அதே தட்டையும் அதே கையையும் பார்ப்பது வேறு.

உறவினர்கள் தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். அன்பால் சொன்னதுதான். ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்குவதைக் கவனித்தேன். ஓர் இரவு, விளக்கை அணைக்கப் போனபோது கேட்டார்: "இதெல்லாம் எதற்கம்மா? இந்தக் கை இனி ஊசி பிடிக்கப் போகிறதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிடிக்கும் என்று சொன்னால் பொய்யாகிவிடலாம். பிடிக்காது என்று சொல்ல நான் யார்? விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியை நான் வேறு எங்கோ கேட்டிருக்கிறேன் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. விடியும் நேரத்தில் நினைவுக்கு வந்தது. அது மணிமேகலா தெய்வம் கேட்ட கேள்வி.

நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மணிமேகலையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். சிலப்பதிகாரத்தில் அந்தச் செய்தி இருக்கிறது. கோவலனின் முன்னோன் ஒருவன் கலம் கவிழ்ந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் தோன்றிக் காப்பாற்றியது. அந்த நன்றியில்தான் மாதவிக்குப் பிறந்த மகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கடலைக் காவல் காக்கும் பௌத்தத் தெய்வம் அது. பூம்புகாரும் நாகையும் கப்பல் போக்குவரத்தால் வாழ்ந்த ஊர்கள். நாகையில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாகக் கொடுத்தான். இங்கே மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடலுக்குப் போகிறவர்கள் அந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் போன கரை இது.

அந்தத் தெய்வத்தின் கதையைப் பாலி மொழியில் தேடிப் போனவர்கள் எல்லோரும் ஓர் இடத்துக்கு வந்து சேர்வார்கள். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் 547 ஜாதகக் கதைகளில் 539ஆவது, மகாஜனக ஜாதகம். நானும் சில ஆண்டுகளுக்கு முன் அதைப் படித்திருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு மறுபடி எடுத்து, மெதுவாக, ஒவ்வொரு செய்யுளாகப் படித்தேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பௌத்தர் யாரும் இல்லை. பிள்ளையார் முன் விளக்கேற்றும் வீடுதான். ஆனாலும் அந்த நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கதைதான்.

மிதிலையை ஆண்ட அரசன், தன் தம்பியோடு நடந்த போரில் கொல்லப்படுகிறான். கருவுற்றிருந்த அரசி மாறுவேடத்தில் தப்பி சம்பா நகரத்துக்கு வருகிறாள். அங்கே பிறக்கும் பிள்ளைதான் மகாஜனகன். பதினாறு வயதில் தான் யார் என்று தெரிந்துகொள்கிறான். தாயிடமிருந்த செல்வத்தில் பாதியை வாங்கிச் சரக்கு ஏற்றி, சுவர்ணபூமிக்குக் கப்பல் ஏறுகிறான். ஏழு நாள் ஓடிய கப்பலின் பலகைகள் நடுக்கடலில் உடைகின்றன. தண்ணீர் உள்ளே ஏறுகிறது. எல்லோரும் அழுகிறார்கள், அவரவர் தெய்வங்களைக் கூவி அழைக்கிறார்கள்.

மகாஜனகன் என்ன செய்கிறான்? சர்க்கரையையும் நெய்யையும் கலந்து வயிறு நிறையச் சாப்பிடுகிறான்.

முதல் முறை படித்தபோது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது இங்கேயே நின்றுவிடுகிறேன். கப்பல் மூழ்குகிறது, இவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பிறகு வழுவழுப்பான இரண்டு துணிகளை எண்ணெயில் நனைத்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொள்கிறான். பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். கப்பல் தாழும்போது மரத்தின் மேலேறி, மீன்களும் ஆமைகளும் மொய்க்கும் இடத்தைத் தாண்டி விழும்படி, மிதிலை இருக்கும் திசையைப் பார்த்துக் குதிக்கிறான். அவனுடைய வீரியம், அதாவது விடாமுயற்சி, நீந்தத் தொடங்கியபோது தொடங்கியதல்ல. நெய்யில் சர்க்கரையைப் பிசைந்தபோதே தொடங்கிவிட்டது.

வீரியம் என்பது பௌத்தத்தில் கனமான சொல். புத்தராகப் போகும் போதிசத்துவர் நிறைவேற்ற வேண்டிய பாரமிதைகள் என்னும் நற்பண்புகளில் ஒன்று அது. தாய்லாந்துக் கோயில் சுவர்களில் வீரிய பாரமிதைக்கு அடையாளமாக இந்தக் கதையைத்தான் வரைந்திருப்பார்கள். கீழே கடலில் நீந்தும் இளைஞன், மேலே வானில் மிதக்கும் தெய்வம். அந்த நாட்டின் மன்னர் பூமிபோல் இந்தக் கதையைத் தன் மக்களுக்காகத் தானே திருப்பி எழுதி, அரியணை ஏறிய பொன்விழாவையொட்டி 1996இல் வெளியிட்டார்.

ஏழு நாள் நீந்துகிறான். உபோசதம் என்னும் பௌத்த விரத நாள் வந்ததும் உப்புத் தண்ணீரிலேயே வாயைக் கொப்பளித்து விரதம் காக்கிறான். ஏழு நாளும் மணிமேகலா தெய்வம் அவனைக் கவனிக்கவில்லை. தாய் தந்தையரைப் பேணுவோரும் ஒழுக்கமுடையோரும் கடலில் அழிந்துவிடாமல் காப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட தெய்வம், தேவலோக இன்பத்தில் மறந்துபோய் இருந்துவிட்டது என்று கதை வெளிப்படையாகச் சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. காவல் தெய்வமே மறந்துவிட்ட ஏழு நாட்கள். அந்த ஏழு நாளும் அவன் கைகள் நிற்கவில்லை.

ஏழாம் நாள் தெய்வம் வந்து வானில் நின்று கேட்கிறது: "நடுக்கடலில், கரை கண்ணுக்குத் தெரியாதபோது, இப்படிக் கைவீசிக்கொண்டிருப்பவன் யார்? எதை நம்பி முயல்கிறாய்?" ஏழு நாளாக ஒரு மனிதக் குரலும் கேட்காதவன் நிமிர்ந்து பார்க்கிறான். "உலகத்தின் நடைமுறையையும் முயற்சியின் பயனையும் எண்ணிப் பார்த்துத்தான், கரை தெரியாவிட்டாலும் முயல்கிறேன்" என்கிறான். தெய்வம் விடவில்லை. ஆழம் காண முடியாத கடல் இது, கரை சேருமுன் செத்துப்போவாய், உன் முயற்சி வீண் என்கிறது. இதுதான் அப்பா கேட்டது. இந்தக் கை இனி ஊசி பிடிக்கப் போகிறதா?

மகாஜனகன் சொல்லும் பதிலில் எங்கேயும் 'நிச்சயம் கரை சேர்வேன்' என்ற சொல் இல்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தவன் உறவினருக்கும் தேவர்களுக்கும் முன்னோருக்கும் கடன்பட்டவன் ஆகமாட்டான், பின்னால் வருந்தவும் மாட்டான் என்கிறான். கடன் இல்லாமல் இருப்பது. பின்னால் வருந்தாமல் இருப்பது. வெற்றியைப் பற்றி அவன் கொடுக்கும் வாக்குறுதி அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அவன் பயன்படுத்தும் பாலிச் சொற்கள் இரண்டு என்னைப் பிடித்துக்கொண்டன. ஒன்று 'வாயாமம்', முயற்சி. புத்தர் சொன்ன எட்டு நெறிகளில் நல்முயற்சி என்பதைக் குறிப்பதும் இந்தச் சொல்தான். வடமொழியில் இதுவே வியாயாமம், அதாவது உடற்பயிற்சி. மருத்துவர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் இருப்பதும், நடுக்கடலில் இளவரசன் சொன்னதும் ஒரே சொல். இன்னொன்று 'புரிசகாரியம்', ஆள் செய்யும் வினை. திருக்குறளின் 62ஆவது அதிகாரத்துக்கு என்ன தலைப்பு? ஆள்வினை உடைமை. எழுத்துக்கு எழுத்து அதே பொருள். அந்த அதிகாரத்தில்தான், தெய்வத்தான் ஆகாதெனினும் முயற்சி தன் மெய்வருத்தக் கூலி தரும் என்ற குறள் வருகிறது. எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! 'தெய்வத்தான் ஆகாதெனினும்' என்பதற்கு, தெய்வமே வந்து ஆகாது என்று சொன்னாலும் என்று பொருள் கொள்ள முடியும் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து அவன் சொல்வதுதான் என்னை முதலில் கோபப்படுத்திய இடம். "வினையின் பயன் கண்முன்னே தெரியவில்லையா, தெய்வமே? மற்றவர்கள் மூழ்கினார்கள். நான் நீந்திக்கொண்டிருக்கிறேன். உன்னையும் அருகில் காண்கிறேன்."

மற்றவர்கள் மூழ்கினார்கள் என்பதை நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து படிக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் முயலாமல் மூழ்கியவர்களா? கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், பிள்ளையை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரோடு போனவர்கள். அவர்களுடைய முயற்சிக்கு முன்னால் எந்த இளவரசனும் கைகட்டித்தான் நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில் அப்பா இரண்டு மாதம் வேறு வேலை எதையும் தொடவில்லை. முகாம்களில் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தார். அளவெடுக்கப் போய், தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைகளின் தோளைத் தொட்டுவிட்டு வந்து, இரவில் சாப்பிடாமல் படுத்துவிடுவார். முயன்றவன் பிழைத்தான், முயலாதவன் அழிந்தான் என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன்.

ஆனால் செய்யுளைத் திரும்பப் படித்தபோது அவன் அப்படிச் சொல்லவில்லை என்று தோன்றியது. பயன் இல்லாத முயற்சி என்று தெய்வம் சொன்னதற்குத்தான் அவன் பதில் சொல்கிறான். பயன் என்றால் கரை மட்டும்தானா? இதோ, இந்த நொடியில் தலை நீருக்கு மேல் இருக்கிறது. இதோ, நீ என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாய். ஏழு நாளைக்கு முன் கையை நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. கரையைக் காட்டி ஊக்கம் கொடுப்பது எளிது. அந்தக் கரை நாளைக்கு வராமல் போனால் ஊக்கமும் போய்விடும். உறவினர்களின் 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற சொல் அப்பாவை ஏன் சுருங்க வைத்தது என்று அப்போது விளங்கியது. அவருக்குத் தெரியாத ஒரு கரையை எல்லோரும் காட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். "கடைசியில் என்ன ஆயிற்று?" என்றார். தெய்வம் அவனைத் தன் பிள்ளையைத் தூக்குவது போல இரு கைகளிலும் அணைத்துத் தூக்கியது, ஏழு நாள் உப்பில் ஊறிய உடல் அந்தத் தொடுதலில் அப்படியே தூங்கிவிட்டது, மிதிலையின் மாந்தோப்பில் ஒரு கல்லின் மேல் அவனைக் கிடத்திவிட்டுப் போனது என்றேன். மணிமேகலையையும் அந்தத் தெய்வம் தூக்கத்திலேயேதான் மணிபல்லவத் தீவுக்கு எடுத்துப் போகிறது என்றும் சொன்னேன். அப்பா, "தூங்கிவிட்டானா, பாவம்" என்று மட்டும் சொன்னார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இத்தோடு எல்லாம் நல்லபடியாகப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்கும். கதையைத் தவறாக எடுத்துக்கொண்டவள் நான். அப்பாவின் மனம் திரும்பியதைப் பார்த்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. 20 கொட்டையை 50 ஆக்கினேன். காலை, மாலை என்று இருந்ததை நான்கு வேளையாக்கினேன். கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் பயிற்சியில், அவர் போதும் என்று சொல்லும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் இழுத்தேன். முயற்சி என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் அவரால் தோளை அசைக்கவே முடியவில்லை. இரவெல்லாம் முனகினார். பிசியோதெரபி செய்யும் பெண் வந்து பார்த்துவிட்டு என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அக்கா, தசை வலுவில்லாத தோளை இழுக்கக் கூடாது. பத்து நாள் கையைத் தாங்கியில் போட்டு வையுங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பத்து நாளும் இரண்டு தட்டுகளும் அலமாரியில் கிடந்தன. 'ணங்' என்ற சத்தம் இல்லாத காலைப் பொழுதுகளை என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் சோணரின் கதை எனக்குத் தேவைப்பட்டது. சோண கோளிவிசர் பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளங்காலில் மயிர் முளைத்திருக்கும் அளவுக்குத் தரையில் கால் படாமல் வளர்ந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவியாகி, இராசகிருகத்துக்கு அருகே சீதவனத்தில் நடந்து நடந்து தியானம் செய்கிறார். மெல்லிய பாதங்கள் வெடித்து, அவர் நடந்த தடம் மாடு அறுக்கும் இடம் போல இரத்தமாகிறது. இவ்வளவு முயன்றும் எதுவும் கிட்டவில்லையே, வீட்டுக்குத் திரும்பிச் செல்வத்தை அனுபவித்துக்கொண்டு தான தருமம் செய்தால் என்ன என்று நினைக்கிறார். புத்தர் அவரைத் தேடி வருகிறார். அறிவுரை எதையும் தொடங்கவில்லை. "சோணா, நீ வீட்டில் இருந்தபோது வீணை நன்றாக வாசிப்பாய் அல்லவா?" என்று கேட்கிறார். தந்திகளை மிக இறுக்கினால் இசை வருமா? வராது. மிகத் தளர்த்தினால்? வராது. அளவாக வைத்தால்? வரும். வீரியமும் அப்படித்தான். மிக இறுகினால் மனம் கொந்தளிக்கும், மிகத் தளர்ந்தால் சோம்பலாகும். அளவு தெரிந்து வைத்துக்கொள்.

இதற்குப் பிறகு நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. புத்தர், நீ மென்மையாக வளர்ந்தவன், உனக்கு ஒற்றைத் தோல் வைத்த செருப்பு அணிய அனுமதி தருகிறேன் என்கிறார். சோணர் மறுக்கிறார். யானைகளையும் வண்டி வண்டியாகப் பொன்னையும் விட்டு வந்தவன் இப்போது ஒரு செருப்பில் பற்று வைத்துவிட்டான் என்று ஊர் பேசும், சங்கத்தார் எல்லோருக்கும் கொடுத்தால் நானும் அணிகிறேன் என்கிறார். புத்தர் எல்லோருக்குமே அனுமதி கொடுத்துவிடுகிறார். இரத்தம் கசிந்த ஒரு மனிதனின் பாதத்தைப் பார்த்துத்தான் பிக்குகளுக்குச் செருப்பு வந்தது. தந்தியைத் தளர்த்து என்று சொல்லப்பட்ட அதே சோணரைத்தான் பிற்காலத்தில், வீரியத்தில் தலைசிறந்தவர் என்று புத்தர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

நாங்களும் அந்த வாரம் அப்பாவுக்குச் செருப்பு மாற்றினோம். சாதாரணச் செருப்பு வலது காலில் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது. குதிகாலுக்குப் பின்னால் பட்டை வைத்தது ஒன்று வாங்கினோம். தெருமுனை வரை போய்வருவது அதன் பிறகுதான் பயமில்லாமல் நடந்தது.

வீணைக் கதையை அப்பாவிடம் சொன்னபோது முடிக்கவிடவில்லை. "நூல் டென்ஷன்" என்றார்.

தையல் மெஷினின் முகப்பில் நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு இருக்கிறது. அதைச் சொல்கிறார். அதிகம் இறுக்கினால் துணி சுருங்கும், நூல் அறும். தளர்த்திவிட்டால் அடிப்பக்கம் நூல் வளைய வளையமாகத் தொங்கும். இது எனக்கும் தெரிந்ததுதான், அவர் கடையில் வளர்ந்தவள் அல்லவா? ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. "ஒரு முறை வைத்தால் போதும் என்று நினைக்காதே. மெல்லிய வாயில் துணிக்கு வைத்த டென்ஷனில் ஜீன்ஸ் தைக்க முடியாது. துணிக்குத் துணி மாற்ற வேண்டும். முதலில் ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்." இடது கையின் இரண்டு விரல்களால் காற்றில் அந்தத் திருகைத் திருகிக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயிற்சியின் அளவை அவர்தான் முடிவு செய்கிறார். காலையில் இரண்டு கொட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு எட்டு" என்பார். அல்லது "இன்றைக்குப் பதினைந்து." நான் வாதாடுவதில்லை.

நெய்யும் சர்க்கரையும் என்று எழுதினேன் அல்லவா, அதுவும் அவர் கண்ணில்தான் முதலில் பட்டது. ஐப்பசியில் ஒரு நாள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தபோது அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் ரவிக்கை ஏன் இப்படித் தொளதொள என்று இருக்கிறது?" என்றார். அம்மா ஏதோ சொல்லி மழுப்பினார். "இரண்டு இஞ்சு குறைந்திருக்கிறாய்" என்றார் அப்பா. நாடா வைத்துப் பார்க்கத் தேவையில்லாத கண் அது. எட்டு மாதமாக நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டு, நின்றபடியே, எது மிச்சமோ அதைத் தின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. நீந்த வேண்டியவர்கள் மூன்று பேர், சாப்பிட்டது ஒருவர்தான். அன்று முதல் காலையில் மூவரும் ஒன்றாகத்தான் உட்காருகிறோம். தோசை ஆறிப்போனாலும் சரி.

அந்த ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்றார் அப்பா. கடையைக் காலி செய்தபோது அவருடைய மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தி மூலையில் வைத்திருந்தோம். எட்டு மாதமாக அவர் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. நான் வேட்டியை எடுத்தேன். பெல்ட் காய்ந்திருந்தது. மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் நாற்காலி போட்டு அவர். பாபினில் நூல் சுற்றியதில் மூன்று முறை தவறு சொன்னார். திருகைத் தன் இடது கையால் தானே வைத்தார். துண்டுத் துணியில் ஓட்டச் சொன்னார், திருப்பி அடிப்பக்கம் பார்த்தார், கால் சுற்றுத் தளர்த்தினார்.

ரவிக்கையின் பக்கவாட்டை மடித்து ஊசிக்கடியில் வைத்தேன். வழுக்கும் துணி. ஒரு கையால் சக்கரத்தையும் மறு கையால் துணியையும் பிடித்தால் மடிப்பு விலகிவிடுகிறது. இரண்டு முறை கோணலாகப் போய்ப் பிரித்தேன். மூன்றாம் முறை தொடங்கும் முன் அப்பா தன் வலது மணிக்கட்டை இடது கையால் எடுத்தார். மெதுவாகக் கொண்டுவந்து துணியின் மேல், மடிப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். இடது கையை விலக்கிக்கொண்டார். விரல்கள் கொஞ்சம் நடுங்கி, பிறகு விரிந்து, துணியோடு படிந்தன. துணி அசையவில்லை.

"ஓட்டும்மா" என்றார்.